தூபா அக்காவின் ஐம்பத்தேழு கிலோ

தூபா அக்காவுக்கு மல்யுத்தம் தெரியாது. பதினோரு வருஷம் ஒரு மல்யுத்தக்காரனை வளர்த்தாள். அவன் போட்ட ஒரு பிடியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஊர் ஜூய்பாரில் இது புதிதொன்றும் இல்லை. மல்யுத்தக் கூடத்துக்குள் ஆண்கள் போவார்கள், பெண்கள் வெளியே மதிலோரம் காத்திருப்பார்கள். தெருவுக்கு இரண்டு பையன்கள் பிடியில் காது உடைந்து திரிகிறார்கள் என்றால், தெருவுக்கு இரண்டு அம்மாக்கள் எங்கோ ஒரு மதிலோரம் மொச்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் அவளுக்கு ஓரகத்தி. அவள் மூத்தவரின் மனைவி, நான் இளையவரின் மனைவி. ஒரே முற்றம், இரண்டு வீடு, நடுவில் ஒரு குழாய், ஓர் ஆரஞ்சு மரம். என் கணவர் லாரியோடு தெற்கே துறைமுகத்துக்குப் போனால் பத்து நாள் கழித்துத்தான் தலை காட்டுவார். எனக்குக் குழந்தை இல்லை. வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். தூபா அக்காவின் கணவர் நவ்ரூஸ் அத்தான் அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கிறவர். அவர்களுக்கு ஒரே மகன், மெய்ஸம்.

ஏழு வயதில் அவனை ரஸ்தேகார் மாஸ்டரிடம் கொண்டுபோய் விட்டார்கள். மாஸ்டர் பையனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, சதைதான் இல்லை, சோறு போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு ஆரம்பித்தது. முதல் ஆறு வருஷம் பையனைத் தின்னவைப்பது தூபா அக்காவின் வேலை. அடுத்த ஐந்து வருஷம் அவனைத் தின்னாமல் பார்த்துக்கொள்வது. எது கஷ்டம் என்று ஒருமுறை கேட்டேன். தின்னவைக்கும்போது கைதான் வலித்தது என்றாள்.

மெய்ஸம் ஐம்பத்தேழு கிலோப் பிரிவு. அவன் உடம்போ சும்மா இருந்தாலே அறுபத்திரண்டு காட்டும். அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் ஒன்பது பத்து நாள் எங்கள் முற்றத்தில் பூண்டு தாளிக்கக் கூடாது. தூபா அக்காவின் அடுப்பு அணைந்துவிடும். அத்தானுக்கான சமையல் என் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. அவரும் கரண்டி தட்டில் படாமல் மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு, மீசையை இரண்டுமுறை துடைத்துக்கொண்டு போவார்.

“ஏன் அத்தான், சொந்த வீட்டுல திருடன் மாதிரி சாப்பிடறீங்க?”

“சொந்த வீடு அந்தப் பக்கம். இங்க நான் விருந்தாளி. இன்னொரு கரண்டி போடு.”

தூபா அக்கா மட்டும் மகன் தின்பதைத்தான் தின்பாள். சுட்ட கோழித்துண்டு பாதி, ஒரு வெள்ளரிக்காய். பசிக்கிற பிள்ளைக்கு முன்னால் யாரும் வாயை அசைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதில் அவளுக்கே விலக்கு இல்லை. அவன் ஐந்து கிலோ இறங்கினால் அவள் மூன்று இறங்குவாள். என்னிடம்தான் பாவாடை இடுப்பைப் பிடிக்கக் கொடுப்பாள், போட்டி முடிந்ததும் பிரித்துவிடக் கொடுப்பாள்.

எடை பார்க்க வீட்டில் ஒரு சின்ன எந்திரம் இருந்தது. அதை அவள் நம்ப மாட்டாள். சாயங்காலம் ஆலை மூடியதும் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போவாள். மூட்டை நிறுக்கிற எடைமேடையில் முதலில் முத்திரை வைத்த நாற்பது கிலோ மூட்டை ஒன்றை ஏற்றுவாள். நாற்பது சரியாகக் காட்டினால் மூட்டையை இறக்கி மகனை ஏற்றுவாள். மூட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது, அது முதலில் சாட்சி சொல்லட்டும் என்பாள்.

மல்யுத்தம் அவளுக்கு இப்படித்தான் தெரியும். எடையாக, துணியாக, காயமாக. காது முதன்முதலில் வீங்கி வந்தபோது அழுதாள். ஊர்ப் பெண்கள், காது உடையாத பையனுக்கு இந்த ஊரில் யார் பெண் கொடுப்பார்கள் என்று கேலி பேசித் தேற்றினார்கள். இடது தோளில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும், அதற்குக் களிம்பு போடுவாள். பயிற்சிக் கால்சட்டையில் எப்போதும் வலது முட்டிதான் கிழியும், இடது முட்டி புதிதுபோல இருக்கும். ஏன் என்று அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். அது அப்படித்தான் சித்தி என்பான். அந்த வலது முட்டிக்கு நான் போட்ட ஒட்டுகளை எல்லாம் சேர்த்துத் தைத்தால் ஒரு மெத்தை உறை வந்திருக்கும்.

கூடத்துக்குள் போகிற அத்தானாவது வந்து சொல்வாரா என்றால், அதுவும் இல்லை. மகன் விரிப்பில் இறங்கினதும் அவர் முகத்தை இரண்டு கைக்குள்ளும் புதைத்துக்கொள்வார். என்னாச்சு, என்னாச்சு என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பாராம். வெளியே வந்ததும் தூபா அக்கா எப்படிப் பிடித்தான் என்று கேட்பாள். நல்லாத்தான் பிடிச்சிருப்பான் என்பார். பார்க்க ஆசைப்படுகிறவள் வெளியே, பார்க்கக் கூடியவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே. இப்படியே பதினோரு வருஷம்.

முப்பத்தொன்பதாம் வயதில் தூபா அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அவனுக்காகத்தான். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் அத்தானுக்கு ஆலையை விட்டு வர முடியாது, வெளியூர்ப் போட்டிகளோ கூடிக்கொண்டே போயின. நாலாவது தடவை பரீட்சையில் தேறினாள். பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார்கள். அந்தக் காரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மெய்ஸமுக்குப் பதினெட்டு முடிந்த வருஷம் அது. பாபோலில் மாகாணத் தேர்வு. ஒரு பிரிவுக்கு ஒருவன்தான், முதலில் வருகிறவன். அவன் தலைநகருக்கு, தேசிய முகாமுக்குப் போவான். மற்றவர்களுக்கு வேறு வழி ஒன்றும் இல்லை. மெய்ஸம் பள்ளிக்கூடம் முடித்துவிட்டான், கட்டாய ராணுவச் சேவைக்கான தாள் வந்து மேஜை இழுப்பறையில் கிடந்தது. முகாமுக்குத் தேர்வானால் அந்தத் தாளைத் தள்ளிப்போடலாம். இல்லையென்றால் இன்னும் ஒரே மாதம், பிறகு எங்கோ எல்லையில் இரண்டு வருஷம். தூபா அக்கா அந்த இழுப்பறையைத் திறக்கவே மாட்டாள். ஸ்பூன்களும் அதற்குள்தான், ஒன்று வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வந்து எடுத்துப் போவாள்.

வெள்ளிக்கிழமை காலை எடை பார்ப்பார்கள். வியாழக்கிழமை மதியம் ஆலையில் ஐம்பத்தேழரை காட்டியது. தூக்கத்தில் அரைக் கிலோ தானாகப் போய்விடும். எல்லாம் சரியாக இருந்தது.

சரியாக இருந்ததை நான் கெடுத்தேன்.

அவன் ஜெயிக்க வேண்டும் என்று நான் ஒரு நேர்ச்சை நேர்ந்திருந்தேன். குங்குமப்பூப் பாயசம், பெரிய அண்டா நிறைய, தெருவுக்கே. நேர்ச்சையைக் காரியம் முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பொறுக்கவில்லை. முன்னாலேயே கொடுத்துவிட்டால் இன்னும் பலமாக இருக்கும் என்று எப்படியோ மனதில் பட்டுவிட்டது. அன்று மதியம் முற்றத்தில் அண்டாவை ஏற்றினேன். தூபா அக்கா அண்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவன் கண்ணில் காட்டாதே என்றாள். பிறகு மருத்துவச் சான்றிதழில் முத்திரை வாங்க மெய்ஸமின் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான்கு மணி இருக்கும்.

தெருப் பெண்கள் வந்து ஆளுக்கு ஒரு சுற்று கிண்டிவிட்டு, ஆளுக்கு ஒரு வேண்டுதலை அண்டாவுக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். கிண்ணங்களில் ஊற்றி, மேலே பட்டைப் பொடியால் பூக்கோலம் போட்டேன். மெய்ஸம் மரத்தடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. யாருக்காக நேர்ந்ததோ அவன் வாயில் ஒரு கரண்டியாவது படாமல் அந்த நேர்ச்சை எப்படி ஏறும்? கூப்பிட்டேன்.

“சித்தி, அம்மா கொன்னுடுவாங்க.”

“ஒரே கரண்டி. நேர்ச்சைய வேணாம்னு யாராவது சொல்வாங்களா?”

எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு கரண்டி சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தையே பார்த்தான். நான் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் கொடுக்கத் திரும்பிக்கொண்டேன். ஒன்பது நாள் பசி அது. என் முதுகுக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது, நான் திரும்பவில்லை. கேட்டும் திரும்பவில்லை என்பதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டான், பிறகு குழாயடியில் குனிந்து தண்ணீர் குடித்தான்.

சாயங்காலம் ஆலைக்கு நானும் கூடப் போனேன். தூபா அக்கா எடைக்கம்பியில் குண்டைத் தள்ளினாள். நிற்கவில்லை. இன்னும் தள்ளினாள். ஐம்பத்தெட்டு எழுநூறு. மகனை இறக்கிவிட்டு நாற்பது கிலோ மூட்டையை மறுபடி ஏற்றினாள். நாற்பதேதான். மூட்டையைத் தள்ளிவிட்டு மகனின் வாயருகே போய் மோந்து பார்த்தாள்.

“எத்தனை கிண்ணம்?”

“ரெண்டும்மா.”

“தண்ணி?”

“குடிச்சேன்.”

சரி என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. வீடு வரைக்கும் மூன்று பேரும் வயல் வரப்பில் வரிசையாக நடந்தோம். முற்றத்துக்கு வந்ததும் நானே சொன்னேன், நான்தான் அக்கா கொடுத்தேன் என்று. அவள் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“வேலை முடிஞ்சதும் குடுக்கறதுக்குப் பேர்தான் நேர்ச்சை. நீ கடவுளுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்க.” கையை முக்காட்டில் துடைத்துக்கொண்டாள். “நாலரைக்கு எழுந்திரு. கார்ல நீயும் வர்ற.”

அவ்வளவுதான் திட்டு. அதற்குமேல் ஒரு சொல் இல்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை. என்னைக் கூட வா என்று சொன்னாளே, அதற்கு நான் அவளுக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் உட்காரவைத்திருந்தால் அன்று நான் செத்திருப்பேன்.

இனி அந்தக் கார். கோடை முடியாத மாதம், விடியும் முன்பே புழுக்கம். வியர்த்து எடை இறங்க, மெய்ஸம் உடம்பில் பிளாஸ்டிக் மழைச்சட்டை, அதன்மேல் கம்பளிச்சட்டை, அதன்மேல் போர்வை. முன் இருக்கையில் அவன், ஓட்டுகிறவள் தூபா அக்கா, பின்னால் நான். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, குளிர்காலத்தில் போடுகிற சூட்டுக்காற்றை முழுவதும் திருப்பிவிட்டாள். அந்தக் காரில் எது வேலை செய்யாவிட்டாலும் அது ஒன்று நன்றாக வேலை செய்யும். நேர் வழியில் போனால் பாபோல் முக்கால் மணி நேரம். அவள் கடலோரப் பாதையில் சுற்றிப் போனாள், இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று.

பத்து நிமிஷத்தில் கண்ணாடியெல்லாம் மூடுபனி. அவள் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். அவளுக்கும் வியர்த்து முக்காடு முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்குக் கண்ணுக்குள் உப்பு. மகன் தூங்கிவிடக் கூடாது என்று அவனை விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பதாம் வாய்ப்பாடு சொல். சின்ன மாமாவின் பிள்ளைகள் பெயரெல்லாம் சொல். முதல் வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்? நடுவில் ஒரு பெயரை அவன் தப்பாகச் சொன்னான். மாமா காதில விழுந்தா சொத்துல பங்கு தர மாட்டார் என்றாள். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன், வாய்க்குள் வியர்வை போயிற்று.

கடல் தாண்டி உள்ளே திரும்பினதும் அவன் பதில்கள் சுருங்கின. பிறகு ம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. அவள் ஒரு கையால் அவன் நெற்றியைத் தொட்டாள். ஓர் ஆரஞ்சுத் தோட்டத்து ஓரம் காரை நிறுத்தினாள். சூட்டுக்காற்றை அணைத்து, எட்டி அவன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

“போதும்.”

“இன்னும் பத்து நிமிஷம்மா.”

“உன் நெத்தி காஞ்சு போச்சு. வேர்வை நின்னுடுச்சு.”

“வெளிய எறங்கி ஓடறேன். எடை இன்னும் ஜாஸ்தி இருக்கும்மா, எனக்குத் தெரியுது. இல்லேன்னா படைக்குப் போகணும்.”

“போ. ரெண்டு வருஷம் போயிட்டுத் திரும்பி வருவ. இந்தக் கார்லயே போயிட்டா வர மாட்ட.”

குரல் உயரவில்லை. உப்புப் போடட்டுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டது. இழுப்பறையைத் திறக்கப் பயந்து என் வீட்டில் ஸ்பூன் வாங்கியவள் சொல்கிறாள் இதை. மெய்ஸம் போர்வைக்குள் அழுதான், கண்ணீர் வரவில்லை. அவள் துணியை நனைத்து அவன் உதட்டைத் துடைத்தாள். குடிக்கக் கொடுக்கவில்லை, துடைத்தாள்.

எனக்கு அப்போதுதான் அவன் தலை கண்ணில் பட்டது. சுருட்டை முடி, காடுபோல, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தையல்காரி பையில் கத்தரி இல்லாமல் இருக்காது. அவனை ரோட்டோரம் ஒரு கல்லில் உட்காரவைத்து, துணி வெட்டுகிற கத்தரியால் அந்த முடியை ஒட்ட வெட்டினேன். கோணல்மாணலாக வந்தது. தூபா அக்கா பக்கத்தில் நின்று, இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம், அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் என்றாள். வெட்டின முடியைக் கையில் அள்ளி, நிறுப்பதுபோல மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். ஏதோ இருக்கு என்றாள்.

கூடத்து வாசலில் மாஸ்டரும் அத்தானும் மற்றப் பையன்களும் வந்திருந்தார்கள். மெய்ஸமின் முகத்தைப் பார்த்ததும் மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அவனைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டார். திரும்பி வந்து தூபா அக்காவைக் கேட்டார். நான்தான் கொடுத்தேன் மாஸ்டர், பசி தாங்காமல் கேட்டான், கொடுத்துவிட்டேன் என்றாள் அவள்.

“உங்க மகன் நானே திருடித் தின்னேன்கறான். நீங்க நான் குடுத்தேன்கறீங்க. பதினோரு வருஷமா இந்தக் கைய நம்பித்தானே நான் எடையப் பத்திக் கேக்காம இருந்தேன், அம்மா? கடைசி நாள்ல கட்டுப்படுத்த முடியலையா?”

இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் தலை குனிந்து, தப்புதான் மாஸ்டர் என்றாள். நான் அவளுக்குப் பின்னால் கத்தரிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். திறக்க நினைத்தபோது அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

கால் மணி கழித்து அத்தான் வெளியே வந்தார். நாங்கள் ஓடினோம். எடை எவ்வளவு என்றாள்.

“நான் பாக்கல, கண்ண மூடிட்டேன்.” அவள் பார்த்த பார்வையில் அவர் அவசரமாகச் சேர்த்துச் சொன்னார். “ஆனா யாரும் அழல.”

பின்னாலேயே ஒரு பையன் ஓடி வந்து சொன்னான். ஐம்பத்தேழு. முள் நடுங்கி நின்றதாம், ஐம்பத்தேழு. அவள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, இறைவா உனக்கு நன்றி என்றாள். பிறகு ஃப்ளாஸ்கில் சூப்பும், பேரீச்சையும், சர்க்கரை போட்ட தேநீரும் உள்ளே போயின. முதல் பிடிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் இருந்தது.

அப்புறம் மதிலோரம். காரின் முன்பக்கத்தில் துணி விரித்து மொச்சைக் கூடையை வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வருகிற சத்தத்தை அவள் படிப்பாள். சின்னச் சத்தம் வெட்டினாற்போல் நின்றால் ஒரு புள்ளி. கூரை அதிர்ந்தால் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கத்துச் சத்தம் என்பதும் தெரியும், எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் காலடிப் பலகையைக் காலால் தட்டுவார்கள். முதல் பிடியில் பலகை தட்டியது. இரண்டாவதிலும் தட்டியது. எனக்கு நெஞ்சு லேசாகி, மொச்சை உரிக்க நானும் கை கொடுத்தேன்.

இறுதிப் பிடி ஆரம்பத்தில் தட்டியது, நடுவிலும் தட்டியது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கூரை அதிர்ந்தது, கைதட்டலும் விசிலும் வந்தன, பலகைச் சத்தம் மட்டும் வரவில்லை. தூபா அக்கா கையிலிருந்த மொச்சையை முழுவதும் உரித்துக் கூடையில் போட்டாள்.

“முன்னால இருந்திருக்கான். கடைசியில கால் நின்னுருக்காது.”

“அக்கா...”

“வாசல்ல போய் நில்லு, குல்நார். அவன் நடந்து வர்றானா, தூக்கிட்டு வர்றாங்களான்னு பாரு.”

நடந்துதான் வந்தான். கோணலாக வெட்டின தலையோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. நான் கத்தினேன், நடந்து வர்றான் அக்கா என்று. அவள் மறுபடி அதையே சொன்னாள், இறைவா உனக்கு நன்றி. தோற்ற மகனுக்கு இவ்வளவு மனதாக நன்றி சொன்ன ஒருத்தியை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. அன்று சாயங்காலம் அவள் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள், தேதியைப் பார்த்தாள், அவனுக்குக் கம்பளிக் காலுறை எத்தனை வேண்டும் என்று கேட்டாள்.

அவன் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அறுவடை முடிந்தது. அத்தானுடைய ஊர் பக்கத்துக் கிராமம். அங்கே அறுத்த வயலில் லூச்சோ நடக்கும். அதுவும் மல்யுத்தம்தான், ஆனால் எங்கள் பாட்டன்மாருடையது. கூடமும் இல்லை, விரிப்பும் இல்லை. வெறுங்காலோடு, கால்சட்டையை முட்டிக்குக் கீழே சுருட்டிவிட்டுக்கொண்டு மண்ணில் பிடிப்பார்கள். எடையும் கிடையாது, ஐம்பது கிலோவும் நூறு கிலோவும் பிடிக்கலாம். பாதம் தவிர உடம்பில் எது மண்ணைத் தொட்டாலும் தோல்வி. ஜெயித்தவனுக்கு ஒரு கிடா. கை கால் உடைந்துவிடும் என்று மாஸ்டர் ஒரு வருஷமும் மெய்ஸமை விட்டதில்லை. இந்த வருஷம் மாஸ்டருக்குக் கவலை இல்லை.

வெட்டவெளி ஆகையால் அங்கே எல்லோரும் பார்க்கலாம். பெண்கள் எல்லாம் டிராக்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். தூபா அக்கா முன் வரிசையில் இடம் பிடித்தாள். மடியில் கூடை இல்லாமல் அவள் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்தான் வண்டியை ஒட்டிக் கீழே நின்றார். தம்பட்டம் அடிக்க ஆரம்பித்ததுமே அவர் கைகள் முகத்துக்குப் போய்விட்டன.

அன்று காலைதான் நான் துணிந்தேன். தூபா அக்காவிடம் கேட்காமல் மறுபடி அண்டாவை ஏற்றியிருந்தேன், எந்த நேர்ச்சையும் இல்லாமல், வெறும் பாயசம். வண்டியில் இருந்தபடி குனிந்து அத்தானிடம் சொன்னேன். அன்றைக்கு மெய்ஸமுக்குக் கொடுத்தது நான், அக்கா இல்லை. வாசலில் அவள் என் பழியை வாங்கிக்கொண்டாள், நான் பேசாமல் நின்றேன்.

அவர் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“தெரியும்.”

“அக்கா சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. அன்னிக்கு ஆலையிலேர்ந்து சீக்கிரமே வந்து, நான் உன் அடுப்படியில உக்காந்து அதே பாயசம்தான் தின்னுக்கிட்டு இருந்தேன். ஜன்னல் வழியா பாத்தேன். ரெண்டாவது கிண்ணத்தையும் பாத்தேன். வேணாம்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனசு வரல, குல்நார். அந்த ஒன்ன மட்டும்தான் கண்ண மூடாம பாத்தேன்.”

தூபா அக்கா எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “ரெண்டு பேரும் பேசாம இருங்க. என் மகன் எறங்கறான்.”

முதல் ஆள் அடுத்த தெருக் கொத்தன். மெய்ஸம் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, இடது தோளை அவன் நெஞ்சில் கொடுத்து நெம்பினான், கொத்தனின் கை மண்ணில் பட்டது. வண்டி முழுக்கச் சத்தம். தூபா அக்கா கத்தவில்லை. இடது தோள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் களிம்பு போட்ட தோள்.

“என்னாச்சு?” என்றார் அத்தான்.

“ஜெயிச்சுட்டான். நீங்க மூடிக்கங்க, நான் சொல்றேன்.”

இரண்டாவது ஆள் தச்சன். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது, கழுத்தே இல்லை. மெய்ஸம் அவன் முன்னால் நாணல் போல நின்றான். தூபா அக்கா அத்தானுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள், அந்தக் காரில் மகனிடம் பேசிக்கொண்டே வந்த அதே குரலில். சுத்தி வர்றான். அந்த ஆளு கைய நீட்டறான். இவன் தட்டி விடறான். பெரிய ஆளுக்கு மூச்சு வாங்குது. இப்ப குனியறான் மெய்ஸம், குனிஞ்சு...

பாய்ந்தான். ஒரே பாய்ச்சல், பாம்பு மாதிரி. தலை தச்சனின் இடுப்புக்குப் பக்கத்தில், இரண்டு கையும் அவன் தொடையைச் சுற்றி, தச்சன் ஆடினான். பதினோரு வருஷம் பழகின பாய்ச்சல். பதினோரு வருஷமும் அந்தப் பாய்ச்சலில் மெய்ஸமின் வலது முட்டி விரிப்பில் இறங்கி வழுக்கிக்கொண்டு போகும். இப்போதும் இறங்கியது, மண்ணில்.

நடுவர் கையைத் தூக்கினார். ஊரே சிரித்தது. மெய்ஸம் தச்சனின் தொடையைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான், தன் முட்டியைப் பார்த்தான், அவனும் சிரித்துவிட்டான். தச்சன் அவனை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தான்.

“என்னாச்சு, என்னாச்சு?”

“முட்டி ஊனிட்டான். தோத்துட்டான்.” அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னமெல்லாம் ஈரம். “கண்ணத் தொறங்க. தூக்கிட்டு வர்றாங்க, நல்லா இருக்கான்.”

அத்தான் விரல் இடுக்கு வழியே முதலில் பார்த்தார், பிறகு முழுவதுமாகப் பார்த்தார்.

மெய்ஸம் வந்து வண்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்தான். தூபா அக்கா என் பாத்திரத்தைத் திறந்து பெரிய கிண்ணமாக ஒன்றை எடுத்து, வழிய வழிய ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் கரண்டியை எடுக்கும் முன்னால் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தான், பழக்கம். சாப்பிடு என்றாள். அவன் சாப்பிட்டான், நாங்கள் மூன்று பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவள் குனிந்து அவன் வலது முட்டியைப் பார்த்தாள். நான் போட்ட ஒட்டு கிழிந்து, வயல் சேறு அப்பியிருந்தது. கட்டைவிரலால் சேற்றை வழித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இதுக்குத்தானா நீ இத்தன வருஷமா தைச்ச?”

“இதுக்குத்தான் போல அக்கா.”

“நாளைக்கு ஒரு தடவை தைச்சுடு. அங்க போயும் இந்த முட்டியத்தான் ஊனுவான்.”